சத்தமில்லாத விசிறி

விற்பனைப் பையனின் பெயர்ச்சீட்டில் தாவெட் என்றிருந்தது.
நல்ல பையன். ஒரே குறை,
பேசும்போது பெட்டிகளையே பார்ப்பான்.
அவன் முகம் திரும்பிய பக்கமெல்லாம்
வாக்கியத்தில் பாதி காணாமல் போனது.

உதட்டில் பிடித்தவரை இவ்வளவு:
எட்டு கோர் போதாது, பன்னிரண்டு எடுங்கள்.
ரேம் முப்பத்திரண்டு.
அப்புறம் இந்த விசிறி
(இங்கே முகமெல்லாம் வெளிச்சம்)
நடுராத்திரியில்கூட ஓடுவதே தெரியாது,
நூற்றிருபது யூரோதான்.

கைப்பேசியில் தட்டி நீட்டினேன்:
"பிறந்ததிலிருந்தே எனக்குக் காது கேட்காது."

காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு.
வெளியே தார்த்து நகரத்து நவம்பர்,
மூன்றரைக்கே விளக்கு போட்டுவிட்ட தெரு.
ஒரு தாளை எடுத்து எழுதினான்:
என்ன வெட்டப் போகிறீர்கள்?
காளான், என்று எழுதினேன்.

பாவம், குழம்பினான். விளக்கினேன்.
எங்கள் சங்கத்தில் பதினேழு பேர்,
செப்டம்பர் முழுக்கக் காட்டில்.
ஒரு கையில் கூடை,
பேச்சுக்கு மிச்சம் ஒரு கை.
நான்தான் படம் பிடிக்கிறேன்.

காது கேட்பவர்கள் படத்தில்
குரலை ஓடவிட்டு மரத்தைக் காட்டலாம்.
எங்கள் படத்தில் மரம் வந்த நொடி
பேசுகிறவர் வாயைப் பொத்தியாயிற்று.
வெட்டக்கூடிய இடம்
கை மடிக்குத் திரும்பும் இமைப்பொழுது மட்டும்.
ஒரு ஃபிரேம் முந்தினால் சொல் முடம்.

இன்னொன்று. மைமுவின் விரல்கள்.
வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேமில்
அவை வெறும் பனிமூட்டம்.
எங்கள் கூட்டத்து வழக்கிலோ
சுண்டுவிரல் மடங்கினால், வறுத்துத் தின்னு.
நிமிர்ந்தால், போட்டுவிட்டுக் கை கழுவு.
வாணலிக்கும் பாடைக்கும் நடுவே
அந்த ஒரு விரல்தான்.
ஆகவே ஐம்பது வேண்டும். முடிந்தால் நூறு.

தாவெட் கணக்குப் போட ஆரம்பித்தான்.
விசிறியை அடித்தான். ஒலி அட்டையை அடித்தான்.
ஸ்பீக்கரை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடித்தான்.
மிஞ்சிய பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கும்
நான்கு டெராபைட் வட்டுக்கும் போனது.
பெட்டி மட்டும் பழையது,
கண்ணாடியில் கீறல், பாதி விலை.
"லாரி மாதிரி இரையும்" என்றெழுதி
பக்கத்தில் ஒரு சிரிப்பு வரைந்தான்.

இப்போது மணி இரண்டு.
படம் வெந்துகொண்டிருக்கிறது.
உள்ளங்கையை மேசைமேல் வைத்திருக்கிறேன்.
பலகை முழுக்க நடுக்கம்,
தேநீரில் வளையத்துக்குள் வளையம்.
நடுக்கம் நின்றால் இறக்கிவிடலாம்.
திரையை வெறித்துக் கிடக்க வேண்டாம்,
கையை வைத்தபடியே தூங்கலாம்.
இதையா
நூற்றிருபது யூரோ கொடுத்து அணைக்கச் சொன்னான்!

கதவு விளக்கு மினுக்குகிறது.
கீழ்வீட்டு ஹெல்துர், கம்பளிக் காலுறை, கலைந்த தலை.
வாய் படுவேகமாக அசைகிறது,
ஒரே ஒரு சொல் பிடிபட்டது: விமானம்.

உள்ளே போய்
உப்பில் போட்ட காளான் புட்டி ஒன்று கொண்டுவந்தேன்.
புட்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்,
மறுபடி புட்டியை.
சுண்டுவிரலை மடக்கிக் காட்டினேன்.

அவருக்கெங்கே புரியும்.