நாலரை

முப்பத்தோரு வருஷம் எர்ணாவூர் எடைமேடையில்
லாரிகளை எழுதினேன்.
பார எடை, காலி எடை, கழித்தால் சரக்கு.
ஓட்டுநர் இறங்கி நிற்க வேண்டும்.
இறங்காதவன் முனிரத்தினம் ஒருத்தன்தான்.
"டேங்கர்ல என் எழுபது கிலோ எங்கண்ணா தெரியப்போவுது?"
இருபது இருபதாகத் தாவும் என் மேடை.
அறுபதாகவோ எண்பதாகவோ
அவன் அதில் இருந்தான்.

இன்று ஸ்டான்லியில்
டாக்டர் ஃபர்ஹானா ஒரு பழைய சீட்டின் பின்பக்கம்
என்னை எழுதுகிறார்.

ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு. ஒன்றரை.
தட்டணுக்கள் அறுபத்திரண்டாயிரம். அரை.
வெள்ளையில் காவல் நிற்கிற வகை வெறும் அறுநூறு,
அதற்கும் அரை.
மஜ்ஜையில் முதிராத செல்கள் நூற்றுக்கு மூன்று. ஒன்று.
கடைசியாக குரோமோசோம்:
ஐந்தாவதன் நீளக் கையில் ஒரு துண்டைக் காணோம்.
"அது இல்லாதது நல்லதுதாங்க" என்று
ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்.
சரக்கு குறைந்த வண்டியை நல்லது என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

கூட்டினால் நாலரை.
"ஏழரை இல்லியே" என்றாள் லூர்து.
டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
எனக்குத்தான் கொஞ்சம் நேரமானது.

நாலரை வரைக்கும் நடு வரிசை.
தாண்டினால் வேறு பெயர், வேறு மருந்து.
கோட்டின்மேல் சக்கரம் வைத்து நிற்கும் வண்டிகளை எனக்குத் தெரியும்.
தார்ப்பாய் மழையில் நனைந்தால் போதும்.

எவ்வளவு நாள் என்றேன்.
உங்களைப் போல நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்
ஐம்பதாவது ஆள்
மூன்று வருஷத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.
நீங்கள் எத்தனையாவது என்று
இந்தச் சீட்டில் கிடையாது.

டேங்கர் வாடையாலா?
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
அதற்கு அவர் எண் எதுவும் போடவில்லை.

இரண்டு பை ரத்தம் ஏற்றிக்கொண்டு
பஸ்ஸில் திரும்பினோம்.
காசிமேட்டிலிருந்தே கண்டெய்னர் வரிசை அசையவில்லை.
"ரெண்டு ஸ்டாப்தான், நடக்கலாமா?" என்றாள்.
யாருடைய ரத்தமோ, சரி என்றது.

மேடை காலியாக இருந்தது.
ஏறி நின்றேன்.
கேபினிலிருந்து புதுப் பையன் எட்டிப் பார்த்தான்.
சிவப்பு எழுத்தில் அறுபது.
ஐம்பத்தொன்றோ அறுபத்தொன்பதோ,
அதில் நான் இருந்தேன்.

"சீட்டு வேணுமா சார்?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இறங்கினேன்.