பத்தாயிரம் ஓம்

லூனன்பர்க் துறைமுகத்தில் பிப்ரவரி.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
தொப்பி கழற்றாமலே மேசைக்கு வந்தேன்.
எல்ட்ரெட் ஸ்விக்கரின் பழைய ரிசீவர்.
முப்பது டாலர், ஒரு வாளி உருளைக்கிழங்கும் சேர்த்து.
மூடியைத் திறந்தால் மீனெண்ணெய் வாடை.
எட்டு வால்வு. எட்டும் எரிந்தன.

வடிகட்டிக்குள் நாலு படிகம்,
கடுகளவு பிசகினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகம்.
மின்மறுப்பு என்று பெயர்;
மறுப்பதற்கும் அளவு வைத்திருக்கிறது:
முன்னால் இரண்டாயிரத்து இருநூறு ஓம்,
பின்னால் அதே.
பேரம் கிடையாது.

அலைகாட்டியில் பார்த்தேன்.
மேசை மாதிரி தட்டையாக இருக்கவேண்டிய இடத்தில்
ஒட்டகம்.
ஒரு திமில் சின்னது,
மற்றது திரையை விட்டு வெளியே போகப் பார்த்தது.

ஆள் சிக்கினான்:
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. பத்தாயிரம்.
ஈயத்தை முத்துமுத்தாக வைத்தவர்,
கம்பியை நூல் பிடித்து வளைத்தவர்,
இதை எப்படி விட்டார்?
பிடுங்கி எறிந்தேன்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
புகை அடங்குவதற்குள் திமில் கரைந்து
கோடு படுத்துவிட்டது.
எனக்கு நானே ஒரு பியர் திறந்துகொண்டேன்.

சனிக்கிழமை அவர் மகள் கொரீன் வந்தாள்,
வாளியைத் திருப்பி வாங்க.
ஐஸ்லாந்திலிருந்து யாரோ மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார்,
தெளிவாக, துடைத்துவைத்த கண்ணாடி போல.
"அப்பாவுக்கு இது கேட்டிருக்காது" என்றாள்.

இருபத்தாறு வருஷம் இழுவைப் படகின் எஞ்சின் அறை.
கடற்காகம், தொலைபேசி, அம்மாவின் கத்தல்
எதுவும் ஏறாது.
ஒரே ஒரு தாழ்ந்த சுருதி மட்டும்
எப்படியோ தப்பியிருந்தது.
உதட்டை மூடி முனகிக் காட்டினாள்:
"இந்த இடம். வீட்டில் எல்லாரும்
இந்தக் குரலில்தான் சாப்பிடக் கூப்பிடுவோம்."

அலைகாட்டியைப் போட்டுப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.
பெரிய திமில் எங்கே நின்றதென்று
எனக்குத் தெரியும்.

வாளியை மறுபடி மறந்துவிட்டுப் போனாள்.

நேற்று இரவு குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன்.
உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில்,
ஒரு கால் வளைந்து.
துடைத்து மீட்டரில் வைத்தேன்:
பத்தாயிரத்து நாற்பது.
அந்தக் காலத்துச் சரக்கில் இத்தனை துல்லியமாக
ஒன்று தானாகக் கையில் வந்து விழாது.
பெட்டி நிறைய அளந்து பொறுக்கியிருக்கிறார்.

ரிசீவர் திறந்தே கிடக்கிறது.
இரும்பு சூடேறிவிட்டது.
காலை ஆறரைக்குப் பேருந்து.