இன்னார் பிராண்டு

போர்த்துகல் ஆர்டர். லேபிள் மாதிரியில்
பேர் வரவேண்டிய இடத்தில்
ஃபுலானோ டி தால்.
நிரலில் ஃபூ, பார் என்று
காலியிடம் அடைத்தே சம்பளம் வாங்கும் நான்
அதைப் போய் பிராண்டென்று நம்பினேன்.

பன்னிரண்டாயிரம் பனியன்.
தைத்து, அயர்ன் பண்ணி, பெட்டி கட்டியபின்
வீடியோவில் சிரிக்கிறாள் ஹெலேனா.
அப்படி ஓர் ஆளே இல்லையாம்.
இன்னார் என்கிறோமே, அவர்.

வெளியே பிடித்துக்கொண்டது.
இங்கிலீஷில் பெய்வதற்கு ஓர் இட் வேண்டும்.
அவள் மொழியில் வெறும் ஷோவ், யாரும் தேவையில்லை.
எனக்கு மழையேதான் பெய்தது,
தார்ப்பாய் போடாத லாரி மேல்.

சரக்கு காதர்பேட்டைக்குப் போனது, கிலோ கணக்கில்.

நொய்யல் பாலத்தில் முன்னே ஒரு டிவிஎஸ்.
ஓட்டுகிறவர் பிடரியில் மடங்கித் துருத்தும் லேபிள்:
ஃபுலானோ.
சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்திருந்தார்.
பேர் தெரியாது.
“ஏனுங்” என்றேன்.
திரும்பினார்.