நாலாவது நிமிஷம்

வால்பரைசோவில் மலையேறும் விஞ்ச் ஓட்டுகிறேன்.
ஒரு பெட்டி ஏறினால் மறுபெட்டி இறங்கும்.
இருபது வருஷம் நெம்புகோலைப் பிடித்த கை
போன குளிர்காலம் நடுங்கத் தொடங்கியது.
தூக்கம் போயிற்று.
ஆஸ்பத்திரி நர்ஸ் ஒர்த்தென்சியா சொன்னாள்:
"தினம் பத்து நிமிஷம்.
கண்ணை மூடு, மூச்சைப் பார்.
அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே."

செய்தேன்.
மூன்றாம் வாரம் நடுக்கம் நின்றது.

பத்து நல்லதென்றால் நாற்பது?
நாற்பதே இப்படியென்றால்?
துறைமுகத்து அலை அட்டவணையின் பின்பக்கம்
பென்சிலால் குறித்து வந்தேன்:
செவ்வாய், எழுபது.
புதன், எழுபத்தைந்து.
ஞாயிறு, தொண்ணூறு. அடியில் இரண்டு கோடு.
கந்துவட்டிக்காரன்கூட
இத்தனை ஆசையாய்த் தன் நோட்டைப் புரட்டியிருக்க மாட்டான்.

என் அமைதிக்காக வீடே
நுனிக்காலில் நடந்தது.
ஹிமேனா கெட்டிலை விசிலடிக்க விடாமல் இறக்கினாள்.
ரயேன் பள்ளிக்கூடக் குழலைக்
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள்.
எதிர்வீட்டு நாயை மட்டும் யாராலும் அடக்க முடியவில்லை.
அதன்மேல் வந்த கோபத்தை
மேகம் போவதுபோலப் பார்த்தேன்.
அதையும் கணக்கில் ஏற்றினேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை நிலம் ஆடியது.
எங்களுக்கு அது புதிதில்லை.
முதலில் அலமாரிக் கோப்பைகள் பேசும்.
பிறகு விளக்கு ஆடும்.
எழுந்திருக்கலாமா என்று அப்புறம்தான் யோசிப்போம்.
அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.
செருப்புச் சத்தம். கதவு.
"அன்செல்மோ!" ஒரே ஒருமுறை.

நான் அசையவில்லை.
மூச்சு உள்ளே, மூச்சு வெளியே.
சுவர் கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்தது.
எனக்குள் ஒருவன் உட்கார்ந்து
எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

கண் திறந்தபோது வீட்டில் நான் மட்டும்.
தெருவில் ஒரே போர்வைக்குள் இருவர்.
"அப்பா, உனக்குக் கேக்கலையா?"

கேட்டது, ரயேன்.
எல்லாமே கேட்டது.

ஹிமேனா எதுவும் சொல்லவில்லை.
உடைந்த கோப்பைகளைக் கூட்டி அள்ளினாள்.
மறுநாள் ரொட்டி நறுக்கும்போது
கத்தி பலகையில் கொஞ்சம் பலமாய் இறங்கியது.

அட்டவணையை அடுப்பில் போட்டேன்.
பதினோரு நாள் உட்காரவே இல்லை.
விட்டொழித்தவனின் வீறாப்பு அது,
அதற்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன், மனசுக்குள்.
பன்னிரண்டாம் நாள்
சில்லறை தேடிய ஒருவர்மேல் எரிந்து விழுந்தேன்.
கை நடுங்கி, பெட்டி பாதி மலையில் நின்றது.
உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியே
கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
என்னைப் பார்க்காமலிருக்க.

"எத்தனை நிமிஷம் சொன்னேன்?" என்றாள் ஒர்த்தென்சியா.
"பத்து."
"எத்தனை செய்தாய்?"
நான் வாய் திறக்கவில்லை.
"சூப்பில் உப்பும் இப்படித்தான் போடுவாயா?"

இப்போது காலையில், சமையலறை நாற்காலியில்,
கதவு திறந்தபடி.
பத்து. சில நாள் பன்னிரண்டு.
சில நாள் மறந்தே போகிறது.
எங்கும் எழுதுவதில்லை.
கெட்டில் கத்துகிறது.
ரயேனின் குழல் தினமும்
அதே இடத்தில் தடுக்கி விழுகிறது.

இன்று நாலாவது நிமிஷம்
காஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே
சரிவில் ஏறி வந்தான்.
எங்கள் வீட்டில் நேற்றிரவே தீர்ந்துவிட்டது.
எழுந்தேன். வெறுங்காலோடு ஓடினேன்.
சிலிண்டரைத் தோளில் போட்டு
நாற்பத்தேழு படி ஏறுகையில்
நன்றாக மூச்சு வாங்கியது.

மீதி ஆறு நிமிஷத்தை
நான் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.