மூலத்தில் பூனைப் பாதம்

மார்சிலிங் பலமாடிக் கார்நிறுத்தத்தின் உச்சித் தளத்தில்
யாரும் வண்டி விடுவதில்லை. கூரை கிடையாது.
மழையடித்தால் லிஃப்ட் வரை ஓட வேண்டும்.
ஆகவே அது என்னுடையது,
இரவு பதினொன்றிலிருந்து
சுமத்ரா காற்று கிளம்பும்வரை.

வடக்குப் பார்த்து முக்காலியை நிறுத்துகிறேன்.
துருவ நட்சத்திரம் இங்கே ஒன்றரை பாகை உயரம்,
அதாவது ஜொகூரில் ஏதோ ஓர் அடுக்குமாடியின்
பத்தாம் மாடிக் குளியலறைக்குப் பின்னால்.
அது அங்கே இருப்பதாக நம்பித்தான்
அச்சைத் திருப்ப வேண்டும். நாற்பது நிமிடம்.
வியர்வை என் மூக்குக்கண்ணாடியில்.
கேமராவுக்கு மட்டும்
உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி.

வானம் ஆறிப்போன பால்தேநீர் நிறம்.
அந்தக் கால சோடியம் விளக்கு நேர்மையானது,
ஒரே மஞ்சள், வடிகட்டிவிடலாம்.
இப்போதைய வெள்ளை விளக்கில்
எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம்.
என் வடிகட்டியோ மூன்று நானோமீட்டர் அகலம்,
சிவப்பில் ஒரு கதவிடுக்கு.
மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு
ஹைட்ரஜனுக்குள் இறங்கும் எலக்ட்ரான் உள்ளே வரலாம்.
சோதனைச் சாவடி, கடைத்தொகுதி, நெடுஞ்சாலை
வெளியே நிற்கட்டும்.

பகலில் நான் சிப்புத் தொழிற்சாலையில்.
மஞ்சள் அறை. நீலம் பட்டால் வேஃபர் கெட்டுவிடும்.
பன்னிரண்டு மணிநேரம் கழித்து வெளியே வந்தால்
பேருந்து, மரம், என் கைகள் எல்லாம்
சற்று நேரம் நீலம்.
வெளிச்சத்தைத் தடுப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.

இன்றைக்குத் தேளின் கொடுக்கு.
மூலம். என் நட்சத்திரம்.
பெண் மூலம் நிர்மூலம் என்று
கட்டத்தை மடித்துத் திருப்பித் தந்தது
செங்காங்கில் ஒரு குடும்பம்.
மாமனாருக்கு ஆகாதாம்.
போன மாதம் அந்த மாமனாரை நூலகத்தில் பார்த்தேன்,
நாளிதழ் விரித்து, காலாட்டிக்கொண்டு,
நல்ல திடமாக.
நான் காப்பாற்றிய ஒரே உயிர்.

கொடுக்கை ஒட்டி ஒரு மேகம் இருக்கிறது.
பூனைப் பாதம் என்று பெயர்.
கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
பத்து நிமிடம் திறந்து வைத்தால்
திரையில் ஊதுபத்திச் சாம்பல் போல ஏதோ.
இந்தக் கேமராவுக்கு நிறம் தெரியாது.
சிவப்பு, நான் பிறகு கொடுப்பது.

இரண்டரைக்கு ஒரு காவலர் வந்தார். ரோஸ்லான்.
டிரோனா என்றார். இல்லை.
எதிர் புளோக் ஜன்னலா? இல்லை, அது.
மேலே பார்த்தார். "ஒன்றும் இல்லையே."
ஆமாம் என்றேன்.
அடுத்த படம் இறங்கும்வரை நின்றார்.
விரல்களை எண்ணுவதுபோல்
மேகத்தின் திட்டுகளை எண்ணினார்.
என் வீட்டில் ஒன்று இருக்கிறது,
சோபாவை இப்படித்தான் மிதிக்கும் என்றார்.
போகும்போது,
முக்காலி அதிரக் கூடாதென்று நான் சொல்லவில்லை,
காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பதினோரு இரவுகள். அறுபத்து மூன்று படங்கள்.
சிலேத்தார் விமானம் கிழித்தது ஒன்பது,
மேகம் தின்றது பத்து,
நான் தூங்கிப்போனது மூன்று.
மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
நாலு மடங்கு காத்திருந்தால்
இரு மடங்கு தெளிவு. இரைச்சல் அடங்குவது
வர்க்கமூலத்தின் கணக்கில்.
இந்த மூலத்தைப் பற்றி
ஜோசியர் வாயே திறக்கவில்லை.

அந்தப் பாதத்தின் மெத்தையில்
இன்னமும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன.
என் கணினியில் அது
சற்றே தடித்த ஒரு புள்ளி.
பெரிதாக்கினால் வெறும் சதுரங்கள்.
இருந்தாலும் பெரிதாக்கினேன்.

நாலே முக்காலுக்குக் காற்று திரும்பியது.
ஓடும் படத்தைப் பாதியில் நிறுத்தி
தொலைநோக்கிக்குக் குளியல் தொப்பி மாட்டினேன்.
முதல் துளி லென்ஸ் மூடியில். இரண்டாவது என் பிடரியில்.

வீட்டில் அம்மா விழித்திருந்தாள்.
ஏதாவது தெரிந்ததா?
கால்தான்.
கந்தகமும் ஆக்சிஜனும் இனிமேல்.
முக்கால் இருக்கிறது.