ஜெராக்ஸ் கடைக்கு மேலே

தீர்ப்பை நகலெடுத்த கடைக்கு மேலேயேதான்
அந்த அறை இருந்திருக்கிறது.
பதினோரு பக்கம், மூன்று செட்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
கேணிக்கரை வெயிலில் சில்லறை எண்ணிக்கொண்டு நின்ற அன்று
தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை நான்.

தூக்கமில்லை என்று சொன்னதும்
நண்டுக் கம்பெனியில் எனக்கு அடுத்த மேசை பனிமேரி
"ஏர்வாடியில மூணு ராத்திரி தங்கிட்டு வாயேன்" என்றாள்.
நல்லவள்தான்.
ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது
எங்கள் கரையில் எல்லாருக்கும்
விரல் தானாக நெற்றியோரம் போய்ச் சுழலும்.
அவளுக்கும் சுழன்றது.

பங்குச் சாமியார் ஜெபமாலை கொடுத்தார்.
வைத்திருக்கிறேன், பீரோவில்,
தாலிச் செயின் இருந்த டப்பாவில்.

மதுரையில் ஒருவர், போனில்,
நாற்பது நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு.
"டெல்வின் அப்படி என்னதான் செஞ்சார்?"
பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.
பெரிசா ஒண்ணுமில்ல சார், அடிக்கல, குடிக்கல,
நான் ஒரு ரூமுக்குள்ள வந்தா
அவர் அடுத்த ரூமுக்குப் போயிருவார்,
அவ்வளவுதான், என்று முடிப்பதற்குள்
சிக்னல் போய்விட்டது.
அவர் திரும்பக் கூப்பிடவில்லை.
நானும்.

பரமக்குடியில் இன்னொருவர்.
"முப்பத்து நாலுதானே, வயசு இருக்கே" என்றார்.
மாத்திரைச் சீட்டில் வரன் எழுதித் தருவார் போலிருந்தது.
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை
ரேஷன் கார்டில் பெயர் நீக்க
அதே கடைக்குப் போனேன்.
கரண்ட் இல்லை.
வரும் வரும் என்றார் கடைக்காரர்.
வேறு வேலையில்லாததால் மேலே பார்த்தேன்.
மனநல ஆலோசனை, ஷம்சத் நிஷா.
எழுத்துக்கு மேல் காக்கை எச்சம்.

கீழக்கரைக்காரி. என்னைவிடச் சின்னவள்.
பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
இன்னொரு அட்டையை என்னிடம் நீட்டினாள்.
அறுநூறு ரூபாய்,
முடியாட்டி முடிஞ்சதைக் குடுங்க என்றாள்.

பாலத்தைக் கடக்கும்போதெல்லாம்
யோசித்து யோசித்துத் தேய்த்து வைத்திருந்ததை
மடமடவென்று சொன்னேன்:
எங்க ஊருக்கு வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல்,
கச்சான் அடிச்சா அது கொதிக்கும், இது படுத்திருக்கும்,
வாடை வந்தா இது கொதிக்கும்,
ரெண்டும் சேர்ந்து அமைதியா இருந்த நாளே கெடையாது...

அவள் எழுதிக்கொள்ளவில்லை.
"கடல் இருக்கட்டும்" என்றாள்.
"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

ரொட்டி.
இல்லை, அது முந்தாநாள்.
நேற்று சோறு. சூடை மீன் குழம்பு.
மிச்சம்?
தண்ணி ஊத்தி வச்சேன்.
காலையில?
கோழிக்குப் போட்டேன்.
தினமுமா?

தினமும்தான்.
ரெண்டு உழக்கு அரிசி.
பதினாலு மாசமாக
ரெண்டு உழக்கு.
நண்டுச் சதையை
பத்து கிராம் பிசகாமல் எடை போட்டுச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.

அட்டையை மடியில் வைத்துவிட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதற்கும் படித்திருப்பாள் போல.

மின்விசிறி திடீரென்று சுற்றியது.
மேசைக் காகிதங்கள் பறந்தன, இரண்டு பேரும் பொறுக்கினோம்.
கீழேயிருந்து கடைக்காரர் கத்தினார்,
"தங்கச்சிமடத்தக்கா, கரண்ட் வந்திருச்சு!"
நான் இறங்கவில்லை.
இன்னொரு தடவை கத்திவிட்டு
வேறு யாருடையதையோ எடுக்க ஆரம்பித்தார்.
மெஷின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை முனகியது.

அன்றிரவு ஒரு உழக்குதான் போட்டேன்.
போதவில்லை.
பத்து மணிக்கு எழுந்து
இன்னும் அரை உழக்கு வேக வைத்தேன்.
அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன்,
வெறும் ஊறுகாய்தான்.

கோழிகள் காலையில்
வாசலிலேயே நின்று முறைத்தன.
இதையும் புதன்கிழமை சொல்ல வேண்டும்.