இரைச்சல் நீக்கம்

நீதிமன்றச் சேவகர் மூன்று முறை அழைக்கிறார்.
தஸ்நேவிஸ். தஸ்நேவிஸ். தஸ்நேவிஸ்.
மூன்றாவதில் குரல் பிசிறுகிறது,
மைக்கை வாய்க்குள் வைத்ததுபோல.
ஒரு பெயர் கிழிவதை
அன்றுதான் கேட்டேன்.

தங்கச்சிமடத்தில் என் முதல் சம்பளம்
ஒரு கருவாட்டுக் கம்பெனி விளம்பரம்.
ஆட்டோவில் கட்டிய குழாயில்
மூன்று மாதம் ஊர் சுற்றினேன்.
பிறகு கொடியேற்ற அறிவிப்பு, தேர்தல்,
காற்று மாறிய ஓர் இரவில்
கரை திரும்பாத படகின் எண்.
பிறகு சென்னை. வடபழனி.
ஜன்னலில்லாத அறையில் ஒன்பது வருடம்
அடுத்தவர் அழுகைக்கு அளவு வைத்தேன்.
மழை வேண்டும் என்பார்கள்,
அப்பளம் பொரிவதைப் பதிந்து கொடுப்பேன்.
தியேட்டரில் யாரும் நனையாமல் போனதில்லை.

பாம்பன் திரும்பியபோது
கையில் இரண்டு மைக், ஒரு மிக்சர்,
ஒரு தீர்ப்பின் நகல்.
இரண்டாம் நான்காம் சனி,
பத்திலிருந்து பன்னிரண்டு,
ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் ஓர் அறை.
மின்விசிறி ஐம்பது ஹெர்ட்ஸில் முனகும்.
சுவரில் யாரோ வரைந்த முயலுக்கு
ஒரு காது உரிந்துவிட்டது.
ஸ்டெனிஷா உட்கார்ந்ததும் கேட்பாள்:
"நல்லா இருக்கீங்களா?"
போன வருடம்வரை நான் அவளுக்கு "நீ".

என்னிடம் சாட்சி இருந்தது.
நாற்பத்தொரு நிமிடம்.
பீரோமேல் மறந்துவைத்த ரெக்கார்டர்
(மறந்து என்றுதான் வக்கீலிடம் சொன்னேன்).
பிரின்சி கத்தியது முழுசும் அதில்.
"சுத்தம் பண்ணிக் கொடுங்க சார்,
உங்க பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சு."
அதுதானே என் தொழில். பத்து நிமிட வேலை.

ஹெட்போன் மாட்டினேன்.
ஏசியை எடுத்தேன்.
பக்கத்து வீட்டுக் குக்கரை எடுத்தேன்.
என் குரலில் கை வைக்கும்போது
அடியில் இன்னொன்று மிஞ்சியது,
கதவுக்கு அப்பாலிருந்து, விட்டு விட்டு,
ஒன்பதாம் வாய்ப்பாடு.
ஒம்போதெட்டு எழுபத்திரண்டு
ஒம்போதெட்டு எழுபத்திரண்டு
நாங்கள் ஓயும்வரை
அவள் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை.
மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டியது:
பின்னணி இரைச்சல். நீக்கவா?

வக்கீலுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை.
அழிக்கவும் இல்லை.
என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள்.

இப்போது திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் வரிசை.
பதினேழு பேர் நாங்கள்.
ஏர்வாடி சிராஜுதீன், மூக்கையூர் லூர்துசாமி,
ஐஸ் பிளான்ட் செல்லக்கனி,
மகனை மாமியார் வீட்டில் பூட்டிவைத்த
தொண்டி மைமூன்.
கேட்பது கொஞ்சம்தான்:
கோர்ட்டுக்கு வெளியே ஓர் இடம்,
மணல் இருந்தால் நல்லது.
ராத்திரி ஒரு போன்.
மார்க் ஷீட்டின் ஒரு நகல்.
ஐந்து முறை பதில் வந்தது,
"தங்கள் மனு பரிசீலனையில்."

மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.
ஒருவர் மைக்கைப் பிடித்து
"இந்தப் பொம்பளைங்களே" என்று தொடங்கினார்.
நான் ஃபேடரை இறக்கிவிட்டேன்.
"மைக் கோளாறு அண்ணே."
மைமூன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.
மறுவாரம் வரிசையில் மூன்று பேர் குறைந்தார்கள்.

போன சனிக்கிழமை
மண்டபம் ஜெட்டியைப் பதிந்து எடுத்துப் போனேன்.
விடியக்காலம். ஐஸ் உடைக்கிற மெஷின்,
நண்டு ஏலம், கச்சான் காற்று.
காற்றை நான் சுத்தம் செய்யவில்லை.
ஸ்டெனிஷாவின் காதுக்கு
என் ஹெட்போன் பெரிது;
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.
கண்ணை மூடினாள்.
தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று
ஹெட்போன் போட்ட யாருக்கும் தெரியாது.
அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கக்
கத்தினாள்:
"இதுல நீ எங்க இருக்க?"

மைக்குக்குப் பின்னாடி, என்றேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.